தமிழக நெடும்பயணம்: எந்தக் கேமரா, எத்தனை லென்ஸ் எடுத்துச் செல்லலாம்?

ஆண்டு இறுதி விடுமுறை நெருங்கும்போது மலேசியத் தமிழ்க் குடும்பங்கள் பல மூன்று, நான்கு வாரப் பயணமாகத் தமிழகத்துக்குப் புறப்படுகின்றன. சென்னையில் இறங்கி, மாமல்லபுரம், தஞ்சாவூர், மதுரை, ராமேஸ்வரம் என்று சுற்றிவிட்டு, தாத்தா பாட்டி புறப்பட்டு வந்த ஊரிலும் சில நாள் தங்கித் திரும்புவது வழக்கம். சிலர் காசி வரையும் போவதுண்டு. விமானச் சீட்டு, விசா, தங்குமிடம் எல்லாம் முடிந்த பிறகு, மூட்டை கட்டும் நேரத்தில்தான் கேமராவைப் பற்றிய பேச்சு எழும். இருக்கும் லென்ஸ் எல்லாவற்றையும் எடுத்துச் செல்வதா, ஒன்றே போதுமா, கைப்பேசியே போதுமா என்று வீட்டுக்கு வீடு கருத்து மாறும்.

ரஜூலா, சிதம்பரம் கப்பல்களில் கடல் கடந்து வந்தவர்களை நேரில் அறிந்த தலைமுறை இன்று முதுமையில் இருக்கிறது. அங்கே ஊரில் இருக்கும் உறவினர்களின் நிலையும் அதுவே. பல குடும்பங்களுக்கு அந்த ஊருக்குப் போவது ஒருமுறைதான் வாய்க்கிறது. கோபுரங்களின் படம் கடையிலும் கிடைக்கும், இணையத்திலும் கிடைக்கும். ஊரில் இருக்கும் பெரிய அத்தையின் முகம் வேறெங்கும் கிடைக்காது. அதை மனத்தில் வைத்துக்கொண்டு பையைக் கட்டினால் தேர்வு எளிதாகிவிடும்.

கேமராவுக்கு எங்கே அனுமதி?

லென்ஸைத் தேர்ந்தெடுக்கும் முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. தமிழகத்தின் பெரிய கோயில்கள் பலவற்றில் உள்ளே படம் எடுக்க முடியாது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் 2018 முதல் பக்தர்கள் கைப்பேசி கொண்டு செல்லத் தடை உள்ளது. பழனி மலைக்கோயிலில் 2023 அக்டோபரில் அத்தகைய தடை வந்தது. தமிழகக் கோயில்களுக்குள் கைப்பேசியைத் தடை செய்யுமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் அறநிலையத் துறைக்கு உத்தரவிட்டது. திருப்பதியிலும் காசி விசுவநாதர் கோயிலிலும் கைப்பேசியோ கேமராவோ உள்ளே போகாது. கருவறையைப் படம் எடுப்பது எங்குமே கூடாது.

திறந்த வெளியில் படம் எடுக்கக் கிடைக்கும் இடங்களும் உண்டு. மாமல்லபுரத்துச் சிற்பங்கள், தஞ்சைப் பெரிய கோயில், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் ஆகியவை இந்தியத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ளன. இங்கு வெளிப் பிரகாரங்களில் கையில் பிடித்த கேமராவால் படம் எடுக்கலாம். முக்காலி வைக்கத் தனி அனுமதி வேண்டும். வடக்கே ஆக்ரா வரை போகிறவர்களுக்கும் இதே விதிதான். தாஜ்மகாலில் கல்லறை மண்டபத்துக்குள் படம் எடுக்கக் கூடாது, வெள்ளிக்கிழமைகளில் பார்வையாளர்களுக்கு அனுமதியும் இல்லை.

ஆகவே முக்காலியை வீட்டிலேயே வைத்துவிடலாம். டிரோனும் வேண்டாம். 2022 பிப்ரவரியில் இந்தியா வெளிநாட்டு டிரோன்களின் இறக்குமதிக்குத் தடை விதித்தது. கொண்டு போனால் சுங்கச் சோதனையில் பறிமுதல் ஆகக்கூடும்.

கோயிலுக்குள் போகும்போது கேமராவை எங்கே விடுவது என்பதையும் யோசிக்க வேண்டும். கோயில் வாசலில் கைப்பேசிகளை வாங்கி வைத்து டோக்கன் தரும் இடங்கள் உண்டு. பெரிய கேமராப் பையை அங்கே விட்டுச் செல்ல யாருக்கும் மனம் வராது. குடும்பத்தில் ஒருவர் வெளியே காவல் இருந்து, மற்றவர்கள் வந்த பிறகு தரிசனத்துக்குப் போக வேண்டியிருக்கும். பை சிறியதாக இருந்தால் விடுதி அறையில் பூட்டி வைத்துவிட்டு நிம்மதியாகச் சாமி கும்பிடலாம்.

கைப்பேசியே போதுமா?

பகல் வெளிச்சத்தில் எடுக்கும் குடும்பப் படங்களுக்கு இன்றைய கைப்பேசி தாராளமாகப் போதும். 12 மெகாபிக்சல் படம் ஒன்றை ஏ4 தாள் அளவில் அச்சிட்டுச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினால் குறை தெரியாது.

கைப்பேசி தடுமாறுவது மூன்று இடங்களில். ஒன்று, ஒற்றை விளக்கு எரியும் வீட்டுக்குள் எடுக்கும் முகங்கள். இரண்டு, தூரத்தில் வரும் தேர், சாமி ஊர்வலம். மூன்று, ஓடியாடும் குழந்தைகள். இந்த மூன்றும் பயணத்தில் அதிகம் இல்லை என்றால், தனிக் கேமரா வாங்கும் பணத்தில் இன்னும் நாலு நாள் ஊரில் தங்கலாம். உண்டு என்றால் கேமராவுக்கு வேலை இருக்கிறது.

ஏழு கிலோ கணக்கு

கேமராவையும் லென்ஸையும் சரக்குப் பெட்டியில் போடக் கூடாது. உடைந்தாலும் காணாமல் போனாலும் இழப்பு பெரிது. கையோடுதான் கொண்டு போக வேண்டும். ஏர் ஏசியாவின் வழக்கமான கைப்பை அனுமதி, இரண்டு பைகள் சேர்த்து 7 கிலோ. மாற்றுத் துணி, மருந்து, பயணப் பத்திரங்கள் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். ஆகவே வீட்டுத் தராசில் நிறுத்துப் பார்ப்பது அவசியம்.

உதாரணத்துக்கு மூன்று பைகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

முதல் பையில் கேனன் ஆர்6 மார்க் 2 கேமரா 670 கிராம், 24-70 எஃப் 2.8 லென்ஸ் 900 கிராம், 70-200 எஃப் 2.8 லென்ஸ் 1,070 கிராம். மொத்தம் 2 கிலோ 640 கிராம். சார்ஜரும் பையும் சேர்ந்தால் அனுமதியில் பாதி போய்விடும். கல்யாண வீட்டில் படம் எடுத்துத் தொழில் செய்பவருக்கு இது சரி. வயதான பெற்றோரைக் கைப்பிடித்து அழைத்துச் செல்கிறவருக்கு மூன்றாவது நாளிலேயே தோள் வலிக்கும்.

இரண்டாவது பையில் கேனன் ஆர்50 கேமரா 375 கிராம், 18-150 லென்ஸ் 310 கிராம், 10-18 லென்ஸ் 150 கிராம், 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் 160 கிராம். மொத்தம் 995 கிராம், ஒரு கிலோவுக்கும் குறைவு.

மூன்றாவது பை பழைய பை. பல வீடுகளில் அலமாரியில் தூங்கும் கேனன் 700டி போன்ற டிஎஸ்எல்ஆர் 580 கிராம், அதன் 18-135 எஸ்டிஎம் லென்ஸ் 480 கிராம், 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் 160 கிராம். மொத்தம் 1 கிலோ 220 கிராம். பேட்டரியை மட்டும் புதிதாக வாங்கினால் இது இன்னும் நன்றாகவே உழைக்கும். பயணத்துக்கென்று புதுக் கேமரா வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை.

நிக்கான், சோனி, ஃபுஜிஃபிலிம் வைத்திருப்பவர்களும் இதே முறையில் தங்கள் பையை நிறுத்துப் பார்க்கலாம். நிறுவனம் எதுவானாலும் கேமராவும் லென்ஸும் சேர்ந்து ஒன்றரைக் கிலோவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

லென்ஸில் உள்ள எண்கள்

லென்ஸின் மேல் எழுதியிருக்கும் மி.மீ. எண் சிறியதாக இருந்தால் அகன்ற காட்சி விழும். எண் பெரியதாக இருந்தால் தூரத்துப் பொருள் அருகில் வரும். ஆனால் அதே லென்ஸ் எல்லாக் கேமராவிலும் ஒரே அளவு காட்சியைத் தராது. ஃபுல் ஃபிரேம் கேமராவின் சென்சார் 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் கொண்டது. ஆர்50, 700டி போன்றவற்றின் சென்சார் அதைவிடச் சிறியது. இவற்றில் லென்ஸின் எண்ணை 1.6 ஆல் பெருக்க வேண்டும். சோனி, நிக்கான், ஃபுஜிஃபிலிம் நிறுவனங்களின் இதே வகைக் கேமராக்களில் 1.5 ஆல் பெருக்க வேண்டும். ஆக, ஆர்50 கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் 80 மி.மீ. போல வேலை செய்யும். கடையில் லென்ஸ் வாங்கும் முன் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

எஃப் எண் வெளிச்சத்தைக் குறிக்கும். எண் குறையக் குறைய லென்ஸின் வாய் அகலமாகத் திறக்கும். எஃப் 5.6 அளவில் திறக்கும் லென்ஸைவிட எஃப் 1.8 அளவில் திறக்கும் லென்ஸ் ஏறத்தாழ 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். முதல் லென்ஸில் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் திறந்திருக்க வேண்டிய படத்தை, இரண்டாவது லென்ஸில் நூறில் ஒரு பங்கு நேரத்தில் எடுத்துவிடலாம். பேசிக்கொண்டே சிரிக்கும் பாட்டியின் முகம் கலங்காமல் விழுவது இதனால்தான்.

எந்த லென்ஸுக்கு என்ன வேலை?

நாள் முழுதும் கேமராவில் மாட்டியிருக்க வேண்டியது ஒரு ஜூம் லென்ஸ். 18-135, 18-150 போன்றவை இதற்கு ஏற்றவை. குடும்பமாக நிற்கும் படம், தெரு, சந்தை, பேருந்து ஜன்னல் வழியே தெரியும் வயல், தூரத்தில் வரும் தேர் எல்லாவற்றையும் ஒரே லென்ஸ் சமாளிக்கும். அடிக்கடி லென்ஸ் மாற்ற வேண்டிய தேவை இல்லாததால் சென்சாரில் தூசி படிவதும் குறையும்.

அடுத்தது வீட்டுக்குள் முகங்களை எடுக்க, வெளிச்சம் அதிகம் விடும் ஒரு சிறு லென்ஸ். 50 மி.மீ. எஃப் 1.8 விலையும் குறைவு, எடையும் குறைவு. ஒருவரை அல்லது இருவரை எடுக்க அது பொருத்தம். சிறிய கூடத்தில் ஐந்தாறு பேரை எடுக்க வேண்டுமானால் 50 மி.மீ. நெருக்கடியாக இருக்கும். அங்கே 35 மி.மீ. அல்லது 28 மி.மீ. கைகொடுக்கும். ஒன்றைத்தான் எடுத்துச் செல்ல முடியும் என்றால் வீடு சிறியதா பெரியதா என்று உறவினரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

மூன்றாவது, அகன்ற கோணம். தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் 216 அடி உயரம். திருவரங்கத்து ராஜகோபுரம் 236 அடி. தஞ்சையில் பரந்த முற்றம் இருப்பதால் பின்னால் நகர்ந்து நின்று 18 மி.மீ. லென்ஸிலேயே எடுத்துவிடலாம். திருவரங்கம் போல நெருக்கமான கடைத்தெருவில் பின்னால் போக இடம் இருக்காது. 10-18 போன்ற லென்ஸ் அங்கேதான் உதவும். பயணம் முழுவதிலும் இதற்கு ஐந்தாறு முறைதான் வேலை இருக்கும். கைப்பேசியில் அகன்ற கோணம் இருந்தால் இதை விட்டுவிட்டும் போகலாம்.

70-200, 100-400 போன்ற பெரிய லென்ஸ்கள் கோயில், குடும்பம் சார்ந்த பயணத்துக்குத் தேவைப்படுவதில்லை. முதுமலையில் யானை பார்க்கவும் வேடந்தாங்கலில் பறவை பார்க்கவும் திட்டம் இருந்தால் மட்டுமே அவற்றைத் தூக்கலாம்.

பூர்வீக வீட்டில் செய்ய வேண்டியவை

ஊரில் உள்ள பழைய வீடுகளில் சுவரில் மாட்டிய கறுப்பு வெள்ளைப் படங்கள் இருக்கும். மலாயாவிலிருந்து யாரோ அனுப்பிய ஸ்டூடியோ படங்களும் அவற்றில் இருக்கலாம். கடிதங்களும் பழைய பத்திரங்களும் பெட்டியில் கிடக்கலாம். அவற்றைக் கேட்டு வாங்கி வருவது முறையாகாது. அங்கேயே படி எடுத்துக்கொள்ளலாம்.

இதற்கு 50 மி.மீ. லென்ஸ் மிகப் பொருத்தம். கேனனின் புதிய 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் 30 செ.மீ. தூரம் வரை நெருங்கிப் படம் எடுக்கும். அஞ்சலட்டை அளவுப் படம் முழுச் சட்டத்தையும் நிறைத்து விழும். அகன்ற கோண லென்ஸில் எடுத்தால் ஓரங்கள் வளையும்.

வீட்டார் சம்மதித்தால் படத்தைச் சுவரிலிருந்து இறக்கி, ஜன்னல் ஓரம் மேசையில் வைக்க வேண்டும். அறை விளக்கை அணைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் மட்டும் எடுக்க வேண்டும். ஃபிளாஷ் போட்டால் கண்ணாடியில் பளிச்சென்று தெறிக்கும். கேமரா படத்துக்கு நேர் மேலே, சாயாமல் இருக்க வேண்டும். எஃப் 5.6 அல்லது எஃப் 8 வைத்தால் ஓரம் வரை தெளிவாக விழும். படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பிரிக்க முயலக் கூடாது, கிழிந்துவிடும். கேமராவுக்குப் பின்னால் ஒருவர் கறுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டால் கண்ணாடியில் நிழல் விழாது.

படத்தின் பின்பக்கத்தையும் எடுக்க வேண்டும். ஸ்டூடியோ முத்திரை, தேதி, கையெழுத்து எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பிறகு வீட்டில் மூத்தவரை உட்காரவைத்து, ஒவ்வொரு படத்திலும் இருப்பவர் யார், என்ன முறை என்று சொல்லச் சொல்லிக் கைப்பேசியில் குரலைப் பதிவு செய்யலாம். பெயர் தெரியாத படம் அடுத்த தலைமுறைக்கு யாரோ ஒருவரின் படமாகவே இருக்கும்.

எடுத்த படங்களில் நல்லதாக நாலைந்தைப் பக்கத்து ஊர் ஸ்டூடியோவில் அச்சிட்டு, புறப்படும் முன்பே உறவினர் கையில் கொடுத்துவிடலாம். அனுப்புகிறோம் என்று சொல்லிவிட்டு வந்து மறந்துபோவதே அதிகம்.

பேட்டரி, பவர் பேங்க், பிளக்

சிறிய கேமராக்களில் ஒரு பேட்டரிக்கு 300 முதல் 400 படங்கள் வரை கிடைக்கும். வீடியோ எடுத்தால் இன்னும் சீக்கிரம் தீரும். கேமராவில் ஒன்றும் பையில் இரண்டும் இருந்தால் ஒரு நாள் முழுக்கத் தாங்கும்.

உபரி லித்தியம் பேட்டரிகளும் பவர் பேங்கும் கைப்பையில்தான் இருக்க வேண்டும், சரக்குப் பெட்டியில் போடக் கூடாது. 100 வாட்-மணி வரை உள்ளவற்றுக்குப் பொதுவாக முன் அனுமதி தேவையில்லை. 20,000 மில்லி ஆம்பியர்-மணி பவர் பேங்க் சுமார் 74 வாட்-மணி. 2025 ஏப்ரல் முதல் மலேசியா ஏர்லைன்ஸ், பவர் பேங்கைத் தலைக்கு மேல் உள்ள பெட்டியில் வைக்கவோ விமானத்தில் பயன்படுத்தவோ அனுமதிப்பதில்லை. இருக்கைக்கு அடியிலோ முன்னிருக்கைப் பையிலோ வைத்துக்கொள்ள வேண்டும். இந்த விதிகள் அடிக்கடி இறுகுவதால், புறப்படும் வாரத்தில் விமான நிறுவனத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்வது நல்லது. பேட்டரியின் உலோக முனைகள் ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனி உறையில் வைக்க வேண்டும்.

இந்தியாவிலும் மலேசியாவைப் போல 230 வோல்ட் மின்சாரமே. ஆனால் அங்கே பிளக் முள் உருண்டை வடிவம். இங்குள்ள சதுர முள் பிளக் நுழையாது. மாற்று அடாப்டர் ஒன்றும் மூன்று துளை நீட்டிப்பு வயர் ஒன்றும் கொண்டு போனால், ஒரே அடாப்டரில் குடும்பத்தின் கருவிகள் எல்லாவற்றையும் சார்ஜ் செய்துவிடலாம்.

மெமரி கார்டு

24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ஜேபெக் படம் ஏறக்குறைய 10 எம்பி. நாளுக்கு 150 படம் வீதம் 24 நாளுக்கு 3,600 படங்கள், அதாவது 36 ஜிபி. வீடியோதான் இடத்தை விழுங்கும். ஆர்50 கேமராவில் 4கே வீடியோ நிமிடத்துக்குச் சுமார் 900 எம்பி பிடிக்கும். நாளுக்கு 10 நிமிடம் எடுத்தால் 24 நாளில் 216 ஜிபி ஆகிவிடும். ஃபுல் எச்டியில் எடுத்தால் இதில் கால் பங்கு போதும். வீட்டுத் தொலைக்காட்சியில் பார்க்க அதுவே நிறைவு.

பெரிய கார்டு ஒன்றைவிட நடுத்தரக் கார்டு மூன்று பாதுகாப்பு. ஒன்று பழுதானாலும் பயணம் முழுதும் தொலையாது. இரவு தூங்கும் முன் அன்றைய முக்கியப் படங்களைக் கைப்பேசிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். கேமரா ஒருவர் பையிலும் படி எடுத்த கைப்பேசி வேறொருவர் கையிலும் இருக்கட்டும். வீடு திரும்பி எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் சேமிக்கும் வரை எந்தக் கார்டையும் அழிக்கக் கூடாது.

மழை, தூசி, பூஞ்சை

அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழைக் காலம். கேமராவை மூடும் அளவு பிளாஸ்டிக் பை இரண்டும் சிறு துண்டு ஒன்றும் பையில் இருக்க வேண்டும். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸில் பனி படரும். அதைத் துடைக்காமல், கேமராவைப் பைக்குள்ளேயே வைத்து வெளிச் சூட்டுக்குப் பழகவிட வேண்டும். காற்றடிக்கும் கடற்கரையிலும் புழுதித் தெருவிலும் லென்ஸ் மாற்றக் கூடாது. ஈரமான பையை அப்படியே மூடி வைத்தால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து போட்டு வைப்பது நல்லது.

புறப்படும் முன் ஒத்திகை

பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு, கேமராவை எடுத்துக்கொண்டு உள்ளூர்க் கோயில் திருவிழாவுக்கோ உறவினர் வீட்டு விசேஷத்துக்கோ போய்வரலாம். இரவில் வீட்டுக் குழல் விளக்கு வெளிச்சத்தில் பெற்றோரைப் படம் எடுத்துப் பார்க்கலாம். பிறகு கணினியில் ஒவ்வொரு படமும் எத்தனை மி.மீ. அளவில் எடுக்கப்பட்டது என்று பார்த்தால், எந்த லென்ஸுக்கு உண்மையில் வேலை இருக்கிறது என்பது தெரிந்துவிடும். ஒரு முறைகூடத் தொடாத லென்ஸ் தமிழகத்திலும் பைக்குள்ளேயேதான் இருக்கும்.

கேமரா, லென்ஸ் ஆகியவற்றின் வரிசை எண்களையும் வாங்கிய ரசீதையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பயணக் காப்புறுதியில் ஒரு பொருளுக்கு எவ்வளவு வரை இழப்பீடு என்ற வரம்பு இருக்கும். கேமராவின் விலை அதற்குள் அடங்குகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

யாருக்கு எது?

பெற்றோர், பிள்ளைகளோடு கோயில் சுற்றிவர மட்டும் போகிறவர்கள்: நல்ல கைப்பேசி ஒன்றும் பவர் பேங்க் ஒன்றும்.

பூர்வீக ஊரில் தங்கி உறவினரைப் படம் எடுக்க விரும்புகிறவர்கள்: சிறிய கேமரா, ஜூம் லென்ஸ் ஒன்று, 50 அல்லது 35 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்று, பேட்டரி மூன்று, கார்டு மூன்று.

கட்டடக் கலையில் நாட்டம் உள்ளவர்கள்: மேற்சொன்னவற்றோடு அகன்ற கோண லென்ஸ் ஒன்று.

எதை எடுத்துச் சென்றாலும், அங்கே யாரைப் படம் எடுக்கும் முன்பும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும். காசியில் மணிகர்ணிகை படித்துறையில் எரியும் சிதைகளை நோக்கிக் கேமராவைத் தூக்கக் கூடாது. வயலில் வேலை செய்கிறவர், கோயில் வாசலில் பூக்கட்டுகிறவர் யாரானாலும் முதலில் பேசிவிட்டு, பிறகு எடுப்பதே மரியாதை. மலேசியாவிலிருந்து வந்திருப்பதாகச் சொன்னால் பேச்சு தானாக வளரும். தங்கள் வீட்டிலும் ஒருவர் அந்தக் காலத்தில் அங்கே போனார் என்று சொல்கிறவர்களும் கிடைப்பார்கள். அந்தப் பேச்சுக்கு நேரம் கொடுக்க, தோளில் சுமை குறைவாக இருப்பது நல்லது.